பாட்டுக்குள் ஓர் உறுமல்

அந்தப் பாட்டில் மொத்தம் ஒன்பது சத்தங்கள் என்று மில் கேன்டீனில் முடிவாகியிருந்தது. தபேலா, கிடார் எல்லாம் கணக்கில் வராது. அவற்றுக்கு வெளியே, இது என்ன சத்தம் என்று மண்டையைக் குடையவைக்கிற சத்தங்கள் மட்டும் ஒன்பது.

பாட்டின் பெயர் 'நனஞ்ச டிக்கெட்டு'. சினிமாப் பாட்டு இல்லை. மெட்ராஸில் நாலு பையன்கள் ஒரு வீட்டு மாடியில் தாங்களே எழுதி, தாங்களே பாடி, நெட்டில் ஏற்றிவிட்டது. மழையில் ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்த ஒருவன், முன் சீட்டிலிருந்து இறங்கிப்போன பெண்ணை நினைத்துப் பாடுகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் பாட்டு நெடுக என்னென்னவோ சத்தங்களைச் செருகிவைத்திருந்தார்கள். 'சரக்... சரக்' என்று ஒன்று கேட்கும். அது பஸ் கண்ணாடியின் வைப்பர் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. 'டிர்ரிக்' என்று ஒன்று. அது கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கிற சத்தம் என்றார் ஃபிட்டர் பீர் முகம்மது. இல்லை, குடையை மடக்குகிற சத்தம் என்றாள் ஸ்பின்னிங்கில் நூல் இணைக்கிற பாத்து. மறுநாள் அவள் குடையையே கேன்டீனுக்குக் கொண்டுவந்து மடக்கிக் காட்டினாள். பீர் முகம்மது தோற்றார்.

மில் பெரிய மில் இல்லை. அம்பாசமுத்திரம் ரோட்டில் ஆற்றுக்கு இந்தப் பக்கம், இருபது ஸ்பின்னிங் மெஷின் ஓடுகிற சின்ன நூற்பாலை. உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. கேன்டீனில்தான் வாயும் காதும் திரும்பக் கிடைக்கும். அதனால்தானோ என்னவோ, ஒரு மாதமாக எல்லாருக்கும் அந்தப் பாட்டின் சத்தங்கள்மேல் அப்படி ஒரு பைத்தியம்.

அந்த வெள்ளிக்கிழமை, ஒன்பதாவது சத்தமும் முடிவாகி எல்லாரும் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, ஆயிலர் எலியேசர் கேட்டார்:

"எல்லாஞ் சரி. அந்த உறுமலை ஏன் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கீய?"

"எந்த உறுமலு?" என்றார் பீர் முகம்மது.

"ரெண்டாவது சரணம் முடிஞ்சி, எல்லாம் ஒரு மூச்சு நிக்கும்லா? ரெண்டு நிமிசம் நாப்பத்தொரு நொடி. அங்கன கொர்ர்... கொர்ர்... கொர்ர்னு மூணு தடவ."

பீர் முகம்மது போனை மேசையில் வைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றி, அந்த இடத்தை ஓடவிட்டார். எட்டுத் தலைகள் குனிந்தன. சரணம் முடிந்தது. எல்லாம் நின்றது. ஒன்றுமே கேட்கவில்லை. மறுபடி பாட்டு எடுத்தது.

"இன்னொரு தடவ போடும்வே."

போட்டார். ஒன்றுமில்லை.

"வே எலியேசரு, உம்ம வயித்துச் சத்தமா இருக்கும். காலைல என்ன சாப்பிட்டீரு?"

கேன்டீனே சிரித்தது. எலியேசரும் சிரித்தார். ஆனால் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவில்லை.

ஆயிலர் என்றால் மெஷின்களுக்கு எண்ணெய் போடுகிறவர். எண்ணெய் போடுவது வேலையில் பாதி. மீதிப் பாதி கேட்பது. நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் உறைமேல் வைத்து, மரக் கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தினால், அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அந்த ஒரு பேரிங் மட்டும் பேசும். நல்ல பேரிங் சீராக முனகும். காய்ந்துபோனது உறுமும். உறுமுவதைக் கவனிக்காமல் விட்டால் சூடாகும், இறுகும், மேலே படிந்திருக்கும் பஞ்சுத்தூசியில் பொறி விழும். இருபத்துமூன்று வருஷமாக எலியேசர் அப்படித்தான் கேட்டு வருகிறார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பதினாலாம் நம்பர் மெஷினில் அது நடந்தது. பேரிங் இறுகி, தூசி பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற பாத்து வெறும் கையாலேயே அடித்து அணைத்தாள். நெருப்பு இரண்டு சாண் அளவுக்குமேல் பரவவில்லை. அவளுடைய வலது உள்ளங்கை மட்டும் வெந்துபோனது. மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தாள். 'அரை மணிக்கு முந்திதான் வச்சிக் கேட்டேன், ஒண்ணுங் கேக்கல' என்று எலியேசர் அன்று சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். அதன்பிறகு அவருடைய காதைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

இப்போது இல்லாத சத்தம் வேறு கேட்கிறது.

கேன்டீன் வாசலில் சூப்பர்வைசர் சிவசண்முகம் அவரைப் பிடித்துக்கொண்டார். வயதில் சின்னவர், நல்லவர், எதையும் சத்தமில்லாமல் முடிக்க நினைக்கிறவர்.

"அண்ணாச்சி, வார வியாழக்கிழமை காது டெஸ்ட்டு வண்டி வருது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு தம்பி."

"நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காதீய. காதுல ஏதோ சத்தம் கேக்கு, மிச்சம் சரியா கேக்க மாட்டேங்குன்னு நீங்களே ஒரு கடிதம் எழுதிக் குடுத்திருங்க. டெஸ்ட்டுலயும் அப்படியே சொல்லுங்க. கேட்ல உக்காருத வேலை காலியா இருக்கு, நான் வாங்கித் தாரேன். பதினாலாம் நம்பர் விசயமும் அதோட முடிஞ்சிரும். யார் மேலயும் தப்பில்ல, காது மேலதான் தப்பு. புரியுதா?"

எலியேசருக்குப் புரிந்தது. ஒரு நொடி அந்த கேட் நாற்காலி கண்ணுக்குள் வந்தது. வேப்பமரத்து நிழல். கால்வலி இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

"அந்தச் சத்தம் பாட்டுலயே இருந்துச்சின்னா?" என்றார்.

"பாட்டுல இருந்தா என்ன, இல்லாட்டா என்ன அண்ணாச்சி?"

"பாட்டுல இருந்தா நான் எண்ணெய்க் கேனைக் கீழ வைக்க மாட்டேன் தம்பி. காதுல இருந்தா வியாழக்கிழமை நானே கொண்டாந்து உங்க கைல தந்திருதேன். இன்னொரு பிள்ளை கை வேக வேண்டாம். அதுக்குள்ள எதுன்னு கண்டுபிடிச்சிருவேன்."

"ஒரு பாட்டுக்கா இவ்வளவு?" என்று சிவசண்முகம் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

வீடு விக்கிரமசிங்கபுரத்தில். பஸ்ஸில் அரை மணி நேரம். ஏறினதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, இயர்போனை மாட்டி, கண்ணை மூடி, அந்தப் பாட்டைக் கேட்பதுதான் வழக்கம். அன்றும் கேட்டார். இரண்டு நிமிஷம் நாற்பத்தொரு நொடி. கொர்ர், கொர்ர், கொர்ர். அடியில் கிடந்து, கனமாக. பேரிங். காய்ந்த பேரிங். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். பஸ்ஸுக்குள் பாடுகிற பாட்டில் பேரிங் எதற்கு? அதுவும் இத்தனை மெதுவாகச் சுற்றுகிற பேரிங்?

சனிக்கிழமை மகள் ஸ்டெபி பாளையங்கோட்டை ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். நர்சிங் இரண்டாம் வருஷம்.

"எம்மா, இங்கன வா. இதக் கேளு."

அவர் அவளுக்கு ஒரு இயர்போனைக் கொடுத்து, மற்றதைத் தன் காதிலேயே வைத்துக்கொண்டார். சரியான இடம் வரும்போது காட்ட வேண்டுமே. "இந்தா வருது... வருது... இப்ப!" என்று விரலை நீட்டினார். ஸ்டெபி உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒண்ணுமே இல்லப்பா."

"நல்லா கேளு."

"எப்பா, நான் கேட்டுட்டேன். அங்க சும்மா இருக்கு."

அவள் தன் ப்ளூடூத் டப்பாவிலும் போட்டுக் காட்டினாள். டீ டம்ளர் அளவு டப்பா. அதிலும் இல்லை. பிறகு அவள் காதைப் பற்றிப் படித்ததையெல்லாம் சொன்னாள். வருஷக்கணக்காக இரைச்சலில் நின்றால் இல்லாத சத்தம் கேட்குமாம்.

"அது எந்நேரமும் கேக்குமா, நேரம் பார்த்துக் கேக்குமா?"

"எந்நேரமும் கேக்கலாம், விட்டுவிட்டும் கேக்கலாம்."

"நாப்பத்தொண்ணுக்கு டாண்ணு கேக்குமா?"

ஸ்டெபி டப்பாவை அணைத்து வைத்தாள்.

அடுத்தது மனைவி சாரம்மாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்ததால் அவரே அவள் காதில் ஒன்றை மாட்டிவிட்டார். மற்றது அவர் காதில். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டி நின்றார்கள்.

"இப்ப!"

"என்ன இப்ப? அவன் பாடாம நிக்கான். மூச்சு வாங்குதான் போல, பாவம்." அவள் இயர்போனை உருவித் தந்தாள். "காதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் காய்ச்சி விடட்டா? ஊரு மெஷினுக்கெல்லாம் விடுதீய, உங்களுக்கு நான் விடுதேன்."

அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும், பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். போனைப் பலகையில் வைத்து, பாட்டை ஓடவிட்டு, சத்தம் வருகிற துளையின்மேல் முனையை வைத்தார். கைப்பிடியை இடது காதெலும்பில் அழுத்தினார். இருபத்துமூன்று வருஷத்தில் இந்தக் கம்பி அவரிடம் பொய் சொன்னதில்லை. வைப்பர் கேட்டது. விசில் கேட்டது. பாடுகிறவனின் மூச்சுகூடக் கேட்டது. நாற்பத்தொன்று வந்தது.

ஒன்றுமில்லை.

மறுபடி. ஒன்றுமில்லை.

அவர் நெடுநேரம் அந்தக் கம்பியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சாரம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். பிறகு இயர்போனை எடுத்து மாட்டினார். கொர்ர், கொர்ர், கொர்ர்.

"இருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "எங்கயோ இருக்கு."

திங்கட்கிழமை பஸ்ஸில் பீர் முகம்மதைப் பிடித்தார். அவருக்கும் ஒரு இயர்போன் கொடுத்தார். பீர் முகம்மது முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மூன்று தடவை கேட்டார். தலையாட்டினார்.

"நேரம் தவறாம கேக்குதுவே," என்றார் எலியேசர். "காதுக் கோளாறுக்குக் கடிகாரம் தெரியுமா?"

"தெரியும்வே. நான் கூடங்குளத்துல மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன்லா, அந்தத் தெருவுல பள்ளிவாசலு கிடையாது. ஆனா மத்தியானம் லுஹர் தொழுகை நேரம் வந்தா எனக்குப் பாங்கு சொல்லுத சத்தம் கேட்டுச்சி. வெளிய வந்து நின்னு பாத்தேன். ஒண்ணுமில்ல. மனசு பழகிட்டுன்னா அதுவே கேட்டுக்கிடும்." பிறகு, நண்பரின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கேட் வேலைன்னா மோசமில்லவே. ரெண்டு வருசம் உக்காந்துட்டுப் போவும். உமக்கென்ன, பொண்ணு படிச்சி முடிக்கப் போறா."

"வியாழக்கிழமை வரைக்கும் விடும்."

"பிடிவாதக்காரன்யா நீரு."

செவ்வாய்க்கிழமையும் போனது.

புதன்கிழமை மதியத்துக்கு முன்னால் எலியேசர் ஆறாம் நம்பர் மெஷினில் நின்றார். மெஷினின் நீளம் நாற்பது காலடி. அடியில் ஓடுகிற உருளைக்கு இந்தத் தலைமாட்டில் ஒரு பேரிங், அந்தக் கால்மாட்டில் ஒரு பேரிங். தலைமாட்டில் கம்பியை வைத்துக் கேட்டார். சீரான முனகல். நல்லது. கால் கனத்தது. நாற்பது காலடி நடந்து கால்மாட்டுக்குப் போனார். அங்கே வைத்துக் கேட்டார்.

லேசாக ஓர் உறுமல். பயப்படுகிற மாதிரி இல்லை. இன்றைக்கு கிரீஸ் வைத்தால் அடங்கிவிடும்.

கிரீஸை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

உருளை ஒன்றுதான். ஆனால் அந்த முனையில் கேட்காதது இந்த முனையில் கேட்கிறது.

இயர்போனுக்கும் இரண்டு முனை உண்டே!

அவர் எப்போதும் இடது காதில்தான் கேட்பார். வலது கையில் எண்ணெய்க் கேன், இடது கையில் கம்பி, இடது காதில் கைப்பிடி. இருபத்துமூன்று வருஷத்துப் பழக்கம். யாருக்கு இயர்போன் கொடுத்தாலும், இடம் காட்டுவதற்காக இடது பக்கத்துத் துண்டைத் தன் காதிலேயே வைத்துக்கொண்டு, வலதைத்தான் கழற்றிக் கொடுத்திருக்கிறார். ஸ்டெபிக்கு வலது. சாரம்மாளுக்கு வலது. பீர் முகம்மதுக்கும் வலது. ஒருவர்கூட இடதைக் கேட்கவில்லை. அவர்தான் ஒருவரையும் கேட்கவிடவில்லை!

மெஷின் இரைச்சலில் அவர் வாய்விட்டுச் சிரித்தது யாருக்கும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே கிரீஸை வைத்தார். வைக்கும்போதே அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

பதினாலாம் நம்பர் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு அவருக்கு ஆறாவது நாளாக இரட்டை ஷிப்ட். பதினாலின் தலைமாட்டில் கம்பியை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கால்மாட்டுக்குப் போகிற வழியில் நூல் சுற்றிய பாபின் பெட்டிகள் நாலு அடுக்கி வழியை அடைத்திருந்தன. நகர்த்த வேண்டும், அல்லது பதினைந்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. 'இங்க நல்லாத்தான் இருக்கு' என்று அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார். அரை மணி கழித்துப் புகை வந்தது கால்மாட்டிலிருந்து.

வைத்துக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் சொன்னது பொய் இல்லை. அது ஒரு முனை உண்மை. அதன்பிறகு எல்லாரும் காதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், அவரும் காதைப் பற்றியே கவலைப்பட்டார். பெட்டிகளை மறந்தே போனார். மறப்பதற்குத்தான் அத்தனை கவலைப்பட்டாரோ என்னவோ.

டீ மணி அடித்தது. கேன்டீனில் முதல் ஆளாகப் போய்ப் போனை எடுத்தார். வலது துண்டை எடுத்து இடது காதில் வைத்தார். நாற்பத்தொன்று வந்தது, போனது. ஒன்றுமில்லை. இடது துண்டை எடுத்து வலது காதில் வைத்தார். கொர்ர், கொர்ர், கொர்ர். ஆக, காது எந்தக் காதானாலும் ஒன்றுதான். சத்தம் பாட்டின் இடது பக்கத்தில் இருந்தது.

"வே பீரு! இங்க வாரும். இத இந்தக் காதுல வையும். பேசாதயும்."

பீர் முகம்மது வைத்தார். சுவாரஸ்யமில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சடக்கென்று நிமிர்ந்தார்.

"யா அல்லாஹ்! உறுமுதுவே!"

"எத்தன தடவ?"

"மூணு!" அவர் மேசையைத் தட்டினார். "ஏ, எல்லாரும் வாங்க! பத்து! பத்தாவது சத்தம்! வே, அப்ப நான் அன்னைக்குப் பாங்கு கேட்டது மட்டும்தான் பைத்தியமா?"

இயர்போன் கைமாறிக் கைமாறிப் போனது. கேட்டவர்கள் எல்லாரும் கூவினார்கள். போனிலும் டப்பாவிலும் ஏன் கேட்கவில்லை என்று ஸ்டெபியிடம் பிறகு கேட்டபோது அவள் சொன்னாள்: 'சின்ன ஸ்பீக்கர்ல அடிச் சத்தம் வராதுப்பா, அதான் கம்பிலயும் கேக்கல.' ஆனால் அந்த நேரத்தில் அது எதுவும் எலியேசருக்குத் தேவைப்படவில்லை. அவர் பாத்துவைத் தேடினார். அவள் கடைசி மேசையில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். வலது உள்ளங்கை இன்னும் ரோஸ் நிறத்தில் பளபளத்தது.

"பாத்து, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கேட்டாச்சி அண்ணாச்சி, பத்தாவது சத்தம். நீங்கதான் ஜெயிச்சீய. சந்தோசம்."

"அதில்ல. என் காதுல ஒண்ணுமில்ல. அன்னைக்கும் காது நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் கால்மாட்டுக்குப் போகல. பெட்டி கிடந்துச்சி, முழங்கால் வலிச்சிச்சி, போகாம விட்டுட்டேன். உன் கை வெந்தது என்னாலதான்."

பாத்து டப்பாவை மூடினாள். கேன்டீனின் அந்தப் பக்கத்தில் பீர் முகம்மது யாருக்கோ உறுமிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு வாரம் எங்க வீட்டுக்காரருதான் எனக்குத் தலை சீவிவிட்டாரு, தெரியுமா?" என்றாள். "அவருக்கு வகிடு எடுக்கத் தெரியாது. கோண வகிடோட பஸ்ஸுல வந்தேன். ஊரே பாத்துச்சி. சோறு பிசைஞ்சி ஊட்டிவிட்டா எம்மாமியா, நான் பச்சப்பிள்ள மாதிரி வாயத் தொறந்துக்கிட்டு இருந்தேன். எம்புட்டு நாளு அழுதேன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"காதுன்னு நெனச்சி உங்க மேல பாவப்பட்டேன் அண்ணாச்சி. துவா செஞ்சேன், இந்த மனுசனுக்குக் காதைக் குடு ஆண்டவனேன்னு."

எலியேசரால் தலை நிமிர முடியவில்லை. "நாளைக்கு சிவசண்முகத்துக்கிட்ட எழுதிக் குடுத்துருவேன்," என்றார்.

"எழுதுங்க. எழுதத்தான் வேணும்." அவள் டப்பாவை மறுபடி திறந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். "இனிமே அந்தப் பக்கம் வருவீயளா?"

"வருவேன்."

"பெட்டி கிடந்தா?"

"நகத்திட்டு வருவேன்."

"முழங்கால் வலிச்சா?"

எலியேசர் முழங்காலைத் தடவிக்கொண்டார். யோசித்துச் சொன்னார்: "பைய வருவேன். ஆனா வருவேன்."

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே எழுத உட்கார்ந்தார். நாற்பது வயதுக்குமேல் சாரம்மாளிடம் எழுத்துப் படித்தவர். ஒவ்வொரு எழுத்தும் பாபின் பெட்டி மாதிரி, தூக்கி வைத்தால்தான் வரும். மூன்று தாள் கிழிந்தது. நாலாவது தாளில் நின்றது:

'பதினாலாம் நம்பர் மெஷினில் தீப்பிடித்த அன்று நான் ஒரு முனையை மட்டும் கேட்டேன். மறு முனைக்குப் போகவில்லை. காது காரணம் இல்லை. நான்தான் காரணம். நிர்வாகம் என்ன தண்டனை தந்தாலும் ஏற்கிறேன். எனக்கு ஆயிலர் வேலையே வேண்டும். கேட் வேலை வேண்டாம். எலியேசர்.'

அது முடிந்த சூட்டிலேயே போனை எடுத்து, அந்தப் பாட்டுக்குக் கீழே, ஒற்றை விரலால் இன்னொன்றும் எழுதினார்:

'பாட்டு நன்றாக இருக்கிறது. 2.41ல் இடது பக்கம் ஒரு பேரிங் காய்ந்த சத்தம் கேட்கிறது. மெதுவாகச் சுற்றுகிற மோட்டார். உங்கள் வீட்டில் எது என்று பாருங்கள். சீக்கிரம் எண்ணெய் போடுங்கள். இறுகினால் புகையும். ஆயிலர் எலியேசர்.'

வியாழக்கிழமை காது டெஸ்ட்டு வண்டி கேட்டுக்குள் வந்து நின்றது. வரிசையில் நிற்பதற்கு முன்னால் எலியேசர் கடிதத்தை சிவசண்முகத்தின் கையில் கொடுத்தார். அவர் படித்தார். முகம் மாறியது.

"என்ன அண்ணாச்சி இது? காதுன்னு எழுதச் சொன்னா, கழுத்தை நீட்டிட்டு நிக்கீய? இத நான் மேல அனுப்பினா வேலைக்கே ஆபத்து. கிழிச்சிப் போட்டிருதேன், நான் பாக்கல, நீங்க தரல."

"கிழிச்சா இன்னொண்ணு எழுதுவேன் தம்பி. ஒரு சாயங்காலம் ஆவும், அவ்வளவுதான்."

சிவசண்முகம் கிழிக்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

வண்டிக்குள் ஒரு பெண் அவருடைய காதுகளில் பெரிய மூடியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். சில நேரம் அவள் முகத்தைப் பார்த்தால் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது, அவருக்குத்தான் கேட்கவில்லை. கேட்காததற்கு அவர் அழுத்தவில்லை. முடித்ததும் அவள் தாளைக் காட்டினாள். "மேல் சத்தம், இந்தப் பறவை கத்துற மாதிரி சத்தமெல்லாம், நிறையப் போயிருக்கு ஐயா. மெஷின்ல வேலை செஞ்சதால. இனிமேலாவது காதுல அடைப்பான் வைங்க. கீழ்ச் சத்தம் நல்லா இருக்கு. உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு."

"பேரிங் கீழ்ச் சத்தம்தானம்மா," என்றார் எலியேசர்.

சனிக்கிழமை முடிவு வந்தது. ஏழு நாள் வேலைக்கு வரக்கூடாது. எச்சரிக்கைக் கடிதம். இனி ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு முனையிலும் கேட்டுத் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும், எல்லா ஆயிலர்களும். வேலை அதேதான். பீர் முகம்மது சொன்னார்: "உம்மால ஊருக்கே வேலை ரெண்டு மடங்காயிட்டுவே. மத்த ஆயிலர் ரெண்டு பேரும் உம்மத் தேடிக்கிட்டு இருக்கானுவ. பாபநாசம் பக்கம் எங்கயாவது ஒளிஞ்சிக்கிடும்."

அந்த ஏழு நாளில் ஒரு மதியம் போன் சிணுங்கியது. மெட்ராஸ் பையன்கள் பதில் எழுதியிருந்தார்கள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்:

'அண்ணா, நாங்க வச்ச சத்தம் மொத்தம் ஒன்பதுதான். இத நாங்களே கேட்டதில்ல. உங்க கமென்ட் பார்த்துட்டு ஹெட்போன் போட்டுக் கேட்டா நிஜமாவே இருக்கு. அது எங்க அம்மாவோட கிரைண்டர். நாங்க பாடும்போது கீழ இட்லிக்கு மாவு அரைச்சிட்டு இருந்திருக்காங்க. இடது பக்க மைக் ஜன்னலோரம் இருந்துச்சு. ரிப்பேர்காரரக் கூட்டிட்டு வந்து காட்டினோம். பேரிங் போயிடுச்சாம். இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தா மோட்டார் எரிஞ்சிருக்கும்னு சொன்னார். அம்மா உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க.'

அவர் அதை சாரம்மாளுக்குப் படித்துக் காட்டினார். அவள் தங்கள் வீட்டு கிரைண்டரையும் ஒரு தடவை கேட்டுவிடச் சொன்னாள். கேட்டார். இரண்டு பக்கமும் கேட்டார்.

எட்டாம் நாள் காலை ஷிப்டில் அவர் நேராகப் பதினாலுக்குப் போனார். காதில் அடைப்பான், வலது கையில் கேன், இடது கையில் கம்பி. தலைமாட்டில் வைத்துக் கேட்டார். கையெழுத்துப் போட்டார். கால்மாட்டுக்குத் திரும்பினால் வழியில் பாபின் பெட்டிகள் ஐந்து அடுக்கியிருந்தன. அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து முதல் பெட்டியைப் பிடித்தார். முழங்கால் தெறித்தது. பெட்டி அசையவில்லை. மறுபடி மூச்சைப் பிடித்துத் தள்ளினார்.

திடீரென்று பெட்டி லேசானது. எதிர்ப்பக்கத்தில் பாத்து நின்று இழுத்துக்கொண்டிருந்தாள். இரைச்சலில் பேச முடியாது. இடது கையால் பெட்டியைப் பிடித்தபடி, ரோஸ் நிற உள்ளங்கையை விரித்து, போங்க, அந்தப் பக்கம் போங்க என்று காட்டினாள்.

எலியேசர் போனார். பைய நடந்து, கால்மாட்டுப் பேரிங்கின்மேல் கம்பியை வைத்து, கைப்பிடியில் காதைச் சாய்த்தார்.